படம் தெளிவதற்காக வெட்டிய குரல்

என் பிரியமான மச்சான் செல்வராசுக்கு,

உன் வருசத் திவசத்தன்று தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில் எல்லார் முன்னாலும் ஸ்பீக்கரைத் தட்டினேன், வயரைப் பிடுங்கிச் சொருகினேன், கடைசியில் வாயால் ஊதியும் பார்த்தேன். தலவாக்கலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவன் அடுப்பு ஊதுகிற மாதிரி ஊதுகிறானே என்று பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். நான் போட்ட உன் வீடியோவில் சத்தமே இல்லை என்று எனக்குத் தெரியும் மச்சான்.

என் தங்கச்சி, உன் பொண்டாட்டி, கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அண்ணே, கம்ப்யூட்டர்ல கிரிக்கெட் கேம் வெளையாடிக்கிட்டே அவரு பேசுவாரே, அதப் போடுங்க. ஒரு தடவ அந்தக் கொரலக் கேட்டுக்கிறேன்." படம் ஓடியது. புல்லின் பச்சை, பந்தின் தையல் எல்லாம் தெரிந்தது. அவள் கடைசிவரை காத்துக்கொண்டிருந்தாள்.

நாம் முதல்முதலில் இணையத்தில் ஏற்றிய வீடியோ நினைவிருக்கிறதா? ஹட்டன் மூடுபனிக்குள் மேட்ச் நடந்த மாதிரி இருந்தது. பந்தைத் தேடத்தான் வேண்டும். ஆனால் நீ பேசினாய். பந்து எல்லையைத் தாண்டினால், "பீலிக்கரைக்குப் போயிருச்சு, தண்ணி புடிக்கிறவங்க தள்ளுங்க" என்பாய். எவனாவது அவுட்டானால், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற கங்காணி மாதிரி, "காலப் பெரட்டுல ஒம் பேரக் கூப்புடல ராசா, லயத்துக்குப் போ" என்பாய்.

கீழே யாரோ எழுதினான்: "படம் மங்கல். தோட்டக்காட்டான் பேச்சு அதைவிட மோசம்." நீ முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாய். படத்தைத் திருத்திக் காட்டுவோம் என்று ஞாயிறு தவறாமல் வட்டவளைத் தோட்டத்திலிருந்து என் கடைக்கு வந்தாய். நாம் கொடுப்பதை அந்தத் தளம் தன் பங்குக்கு இன்னும் நசுக்குகிறது, அதனால் திரை முழுவதையும் பெரிதாகப் பதிந்து, சுருக்காமல் கொடுக்க வேண்டும் என்று கண்டுபிடித்ததும் நீதான். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவனுக்குத் தெரிந்தது கடைக்காரனுக்குத் தெரியவில்லை. போர்டில் மட்டும் என் பேர்.

படம் தெளிந்தது, கோப்பு பெருத்தது. காலையில் ஏற்றத் தொடங்கினால் மத்தியான மழைக்கு லைன் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. அப்போதுதான் சொன்னேன், சத்தத்தை எடுத்துவிட்டால் பாரம் குறையும் என்று.

"சத்தம் ஒரு புடி கொழுந்து மச்சான். படந்தான் மூட்ட. ஒரு புடிய எடுத்தா மூட்ட எறங்கிருமா?"

"எல்லாம் படத்துக்காகத்தான்" என்றேன்.

கீபோர்டை என் பக்கம் தள்ளினாய். "சரி, வெட்டு."

அதற்குப் பிறகு நீ விளையாடினாய், பேசவில்லை. உனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டதா? கடைக்குக் கேவலம் என்று அந்த மங்கல் வீடியோவையும் அழித்தேன். இடம் போதவில்லை என்று மூலப் பதிவுகளையும் அழித்தேன். ஆறு மாதத்தில் மலையில் குளவி கொட்டி நீ போய்விட்டாய்.

இப்போது படத்தைப் பாராட்டி எழுதுகிறார்கள். படித்தால் பற்றி எரிகிறது.

ஹட்டனில் படிக்கிற என் மகளை யாரும் கேலி செய்துவிடக் கூடாது, அதற்காகத்தான் வெட்டினேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் அவள் சொல்கிறாள், நான் அழிக்கும் முன்பே அந்த மங்கல் வீடியோவை "இது எங்க மாமா" என்று வகுப்புக்கே காட்டினாளாம். பரீட்சையில் யாராவது கோட்டை விட்டால் இன்றைக்கும் அந்தப் பிள்ளைகள், "பெரட்டுல பேரக் கூப்புடல" என்கிறார்களாம். ஒளிந்துகொள்ள எனக்கிருந்த ஒரே இடமும் போனது.

வருகிற ஞாயிறு தங்கச்சியிடம் போய், நான்தான் வெட்டினேன் என்று சொல்வேன். இது உறுதி. ஏன் என்று கேட்பாள். உன்னிடம் வாய் திறந்து சொல்லாததை அவளிடமாவது சொல்ல வேண்டும்: படத்துக்காக இல்லை மச்சான். நீ பேசுகிற பேச்சுதான் என் பேச்சும் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று வெட்கப்பட்டேன்.

இப்படிக்கு,
அதே லயத்தில் பிறந்த உன் மச்சான்