கட்டு அவிழும் வரை

வெள்ளவத்தை,
12-6-1939

அன்பும் கண்ணியமும் மிக்க வாப்பா அவர்களுக்கு, மகள் ஸமீமா ஸலாம் சொல்லி எழுதுவது.

இதை ஷிப்லி வாசிக்கட்டும். நீங்கள் கண் கட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டாம். ஷிப்லி, மாமாவுக்குக் கோபம் வந்தாலும் ஒரு வரியையும் விழுங்காமல் வாசி.

ஆஸ்பத்திரியில் சொல்லாமல் கொள்ளாமல் பம்பலப்பிட்டியில் ரயில் ஏறி வெலிகமைக்குப் போய்விட்டீர்கள். புரை வெட்டிய கண் ஆறிவிட்டது என்று யார் சொன்னது? எனக்குச் சரியான கோபம்.

நேர்ஸ் பாக்கியலெட்சுமியும் நானும் தொடங்கிய வேலை உங்களுக்குத் தெரியும். கண் வெட்டி வீடு போனவர்களை முன்பெல்லாம் யாரும் தேடிப் போவதில்லை. இப்போது மறுநாளே எங்களில் ஒருவர் போகிறோம். கட்டு அவிழும் வரை போகிறோம். கொட்டாஞ்சேனை என் பகுதி. அங்கே மயிலம்மா குனிந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். ஏசி எழுப்பி, அடுப்பை உயரத்தில் வைக்கச் செய்தேன். இன்று கண்ணாடி போட்டு அரிசியில் கல் பொறுக்குகிறாள்.

தையல்கார ஜாபிர் நானாவுக்கு அப்படி வாய்க்கவில்லை. வீட்டுக்குப் போன அன்றே, பார்வை வரப்போகிற சந்தோஷத்தில், நெற்றியைத் தரையில் வைத்து நீண்ட சுஜூது செய்தார். எழுந்தபோது கட்டு நனைந்திருந்தது. மறுநாள் நான் போனபோது செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் கண் போய்விட்டது, வாப்பா. பாரம் தூக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொன்னோம். தொழுகை யாருக்கும் நினைவு வரவில்லை.

அன்றிலிருந்து ஐந்து வேளையும் உங்கள் நெற்றிதான் நினைவில் வருகிறது.

மருதானையில் மார்க்கம் படித்த ஒரு லெப்பையிடம் கேட்டோம். கதிரையில் உட்கார்ந்தபடியே தலையைச் சற்றே அசைத்தாலும் நோயாளியின் தொழுகை நிறைவேறும் என்றார். இனி ஒவ்வொருவருக்கும் ஆஸ்பத்திரியிலேயே அதைச் சொல்லி அனுப்புகிறோம். அறுபது வருசம் குனிந்த தலை இப்போது நிமிர்ந்து நிற்பதா என்று கேட்பீர்கள். ஓம், நிமிர்ந்துதான் இருக்க வேண்டும்.

எங்கள் சுற்று களனியோடு முடிகிறது; வெலிகமை வரை எங்களால் வர முடியாது. என் மாப்பிள்ளை, உங்கள் மருமகன் ராசிக்குக்கு வியாழக்கிழமைதான் லீவு, அன்று வருவார். அவரோடு திரும்பி வாருங்கள். அதுவரை அங்கே ஷிப்லிதான் எங்கள் ஆள்.

உங்கள் பேத்தி றலியாவின் முகத்தை இதுவரை விரலால் தடவித்தான் பார்த்திருக்கிறீர்கள். எங்களுக்காக துஆ கேளுங்கள். அதையும் கதிரையில் இருந்தே கேளுங்கள்.

ஷிப்லி, வாசித்தது போதும். அடுத்த பாங்கு சொல்வதற்குள் கதிரையைக் கொண்டுவந்து போடு.

உங்கள் மகள்,
ஸமீமா