எச்சில் உறையும் திருப்பி மாட்டிய படமும்

நேற்று ஒரு எச்சில் நூலைப் பார்த்தேன், உடனே உன் ஞாபகம் வந்தது. என்னடி இப்படி ஆரம்பிக்கிறாய் என்று கேட்பாய். பல் டாக்டர்களுக்கு மல்லிகைப்பூ வாசத்திலா ஞாபகம் வரும்?

செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் பளபளப்புக்குக் குறைச்சல் இல்லை. ஃபிலிம் கழுவுகிற வேலையும் கிடையாது. சின்ன சென்சாரைப் பல்லுக்குப் பின்னால் வைத்து, கன்னத்துக்கு வெளியிலிருந்து எக்ஸ்ரே விட்டால், வேர் நுனிவரை கம்ப்யூட்டரில் தெரிந்துவிடும். சென்சாரைக் கொதிக்க வைக்க முடியாது என்பதால் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை மாட்ட வேண்டும். நேற்று எங்கள் முதலாளி டாக்டர் ஒரு நோயாளியின் வாயிலிருந்து சென்சாரை எடுத்தார், பஞ்சால் ஒரு தடவு தடவினார், அதே உறையோடு அடுத்த நாற்காலிக்கு நடந்தார். ஓரத்தில் எச்சில் நூலாகத் தொங்கியது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

படிப்பு முடித்து நாம் சேர்ந்த முதல் கிளினிக்கிலும் இப்படித்தான் குமட்டும். அங்கே எக்ஸ்ரே ஃபிலிம் கழுவும் ஃபிக்சர் தண்ணீரின் புளித்த நாற்றம். நான் அச்சரப்பாக்கத்திலிருந்தும், நீ மாமல்லபுரத்துக் குப்பத்திலிருந்தும் பஸ் பிடித்து வருவோம். வந்ததும் வெளிச்சம் புகாத கறுப்புப் பெட்டிக்குள் கையை விட்டு, ஃபிலிமை டெவலப்பரில், தண்ணீரில், பிறகு ஃபிக்சரில் முக்கி எடுப்போம். உன் டப்பாவில் இருக்கும் நெத்திலி வறுவல்கூட அந்த நாற்றம்தான் அடிக்கும். "இன்னாடி இது, மீனை ஊறுகா போட்டா மாதிரி கீது" என்பாய்.

ஃபிலிமின் மூலையில் ஒரு புள்ளி புடைத்திருக்கும். அந்தப் புடைப்பு நம் பக்கம் இருந்தால், நோயாளிக்கு எதிரே நின்று பார்ப்பதுபோல் படம் நேராக இருக்கும். புடைப்புக்குப் பதில் குழி தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது, முன்னால் இருக்கும் பல் பின்னாலும், பின்னால் இருப்பது முன்னாலும் தெரியும். பல் படத்தில் இதைவிட எளிய பாடம் கிடையாது. கிளினிக்கை நடத்திய பெரிய டாக்டருக்கு அதைப் பார்க்கக்கூட நேரமில்லை.

அன்றைக்கு வந்தது மீன் விற்கிற ஒரு அக்கா. "கடேசி பல்லுதான் சார் குத்துது, இத்தான்" என்று விரலை வைத்தே காட்டினாள். பெரிய டாக்டர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார். "படம் சொல்லுது, உன் விரலுக்கு இன்னா தெரியும்?" என்றார். ஊசி போட்டு, அவள் காட்டிய பல்லுக்கு முன்னால் இருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்.

தட்டில் விழுந்த பல்லில் ஒரு கீறல்கூட இல்லை. நீ அதைப் பார்த்தாய். விளக்குப் பெட்டியிடம் போய்ப் படத்தின் மூலையைக் கட்டைவிரலால் தடவினாய். "சார், படம் திரும்பி கீது."

"கத்தாத. ரெண்டும் சொத்தைன்னு சொல்லி அதையும் எடுத்துடலாம்" என்று அந்த ஆள் உன் காதில் முணுமுணுத்தார். பிறகு அவளிடம் திரும்பி, "வாயைத் திறம்மா" என்றார்.

"அக்கா, வாய மூடிக்கோ" என்றாய் நீ. அவள் மூடிக்கொண்டாள். நடந்ததை முழுசாக அவளிடம் சொன்னாய். பாவி மனுஷி, மரத்த நாக்கோடு "நல்ல பல்லா இது?" என்று கேட்டாள். "ஆமாக்கா, நல்ல பல்லு." அவள் பல்லை எடுத்து முந்தானையில் முடிந்தாள். எழுந்து, வாயிலிருந்த ரத்தத்தை அவர் செருப்பின்மேலேயே துப்பிவிட்டுப் போனாள். பிற்பாடு அவளை விசாரித்துக் கண்டுபிடித்து, கெட்ட பல்லை வேறோர் இடத்தில் நீயே எடுத்தாய்.

அவளிடம் உண்மையைச் சொன்ன அன்றே உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் நான் அழுதேன், நீ வேர்க்கடலை தின்றாய். "போனா போவட்டும்டி. அந்தாளுக்கு எடுபிடி செஞ்ச கையால எனுக்கு சோறு எறங்காது."

ஈசிஆர் சாலைப் பக்கம் சொந்தமாகச் சின்ன கிளினிக் வைத்தாய். நன்றாக நடத்திக்கொண்டிருந்தபோதே ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. உன் சாவுக்கு அந்த ஆள் ரோஜா மாலையோடு வந்தார். "என்கிட்ட தொழில் கத்துக்கிட்ட பொண்ணு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு நின்றார். இதைவிட அருவருப்பான ஒன்றை எந்த வாயிலும் நான் பார்த்ததில்லை.

நேற்று அந்த அடுத்த நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், சிற்பப் பட்டறைக்காரர், இமை முடியெல்லாம் கல்தூள். முதலாளி சொன்னதும் வெள்ளந்தியாக வாயைத் திறந்தார். முந்தின வாயில் காமாலை இருந்ததோ என்ன எழவு இருந்ததோ, அது இவர் நாக்கில் படப்போகிறது. வேலை போனால் புதிதாகத் தேடுகிற வயசும் எனக்கு இல்லை. அப்போதுதான் என் குரல் எனக்கே கேட்டது.

"பெரியவரே, வாயை மூடிக்கோங்க."

அவர் இறுக மூடிக்கொண்டார். முதலாளி கையிலிருந்த சென்சாரை வாங்கி, உறையை உருவிக் குப்பையில் போட்டேன். ஏன் என்று பெரியவருக்கு உரக்கவே சொன்னேன்.

இனிமேல் வர வேண்டாம் என்று காலையில் போன் வந்தது. கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு இறங்கிற்றுடி.