தூணுக்குள் இருந்த குழாய்

அன்பான வாப்பா,

நீங்கள் இல்லாத முதல் சாரல் இன்னும் பத்து நாளில் தொடங்கிவிடும். மாடி ஒழுகுகிறதென்று வருஷாவருஷம் நீங்கள் ஊற்றும் தாரை இந்த வருஷம் நான் ஊற்றவில்லை. எனக்கு அலுத்துவிட்டது.

மேலகரத்தில் எல்லோரும் ஓட்டு வீடு கட்டிய காலத்தில் உங்கள் வாப்பா கட்டிய கான்கிரீட் வீடு இது. கூரை இரண்டு பக்கமும் உயர்ந்து நடுவில் தாழும். மலைக்காற்று வர ஒரு சுவர் முழுக்க சிமெண்ட் ஜாலி. கூடத்து நடுவில் ஒரே ஒரு உருண்டைத் தூண். ஊருக்கு இது ‘விரிச்ச புஸ்தக வீடு’. யார் போட்ட பிளான் என்று உங்களுக்கே தெரியாது.

போன மாதம் அந்தத் தூணைச் சுத்தியலால் தட்டினேன். காலிப் பானை மாதிரிச் சத்தம். உள்ளே உளுத்துவிட்டது, இடிக்கலாம் என்று அண்ணனுக்கு எழுதிவிட்டேன். துபாயிலிருந்து உடனே போன். “நான் அப்பவே சொன்னேம்லா? இடிச்சிட்டு மூணு மாடி போடுலே.” ஆள் பேசி, தேதியும் குறித்தாயிற்று.

நேற்று எதற்கும் பார்ப்போமென்று தூணில் துளை போட்டேன். உள்ளே வார்ப்பிரும்புக் குழாய். மாடிக்கு ஓடி, கூரை தாழும் இடத்தில் உங்கள் தார் அடுக்குகளைப் பெயர்த்தேன். அடியில், நீங்கள் சிமெண்ட் வைத்து அடைத்த குழாய் வாய்.

மழைத்தண்ணீர் இறங்க வைத்த வழியை, ஒழுகும் ஓட்டை என்றா நினைத்தீர்கள்? யாரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா?

உம்மாவிடம் கத்தினேன். “ஓட்டையப் பாத்தா உங்க வாப்பா அடைக்கத்தானலே செய்வாக. இன்ஜினியருக்குப் படிச்ச நீ இம்புட்டு வருஷமா என்ன செஞ்சே? ஒழுகுற இடத்துல வாளிதான வச்சே?” என்றார்.

நீங்கள் அடைத்த அதே குழாயைத்தான் நான் உளுத்த தூண் என்று எழுதினேன்.

கம்பி விட்டுக் குத்தி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். கீழேயிருந்து உம்மா, “ஏலே, தொட்டியில கொட்டுதுலே!” வாசல் தொட்டிக்கு மேல் சுவரில் ஒரு துவாரம் இருக்குமே, எதற்கென்று தெரியாமல் நீங்கள் குடை செருகி வைப்பீர்களே, தரைக்கடியில் ஓடி வந்து அதன் வழியாக.

நான் எழுதியது தப்பு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். “சரி, ஒரு சாரல் பாப்போம். ஒழுகுச்சுன்னா இடிச்சிரணும், கேட்டியா?” என்றான். ஒத்துக்கொண்டேன். கூரையில் இரண்டு இடத்தில் கம்பி துருப்பிடித்திருக்கிறது, வாப்பா. வீடு நிற்குமா என்று தெரியாது.

மழை வருவதற்குள் நீங்கள் போட்ட அடுக்கையெல்லாம் என் கையாலேயே பெயர்த்து இறக்கிவிடுவேன். அந்த வாயை இனி யாரையும் அடைக்க விடமாட்டேன். உங்கள் குடையைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன்.

வாளி வைத்தே வளர்ந்த
உங்கள் சின்ன மகன்