முழங்காலிடாத வீடு

1745, செப்டம்பர் 9

மழை விட்டது. போர்வைகளை வெளுத்தாயிற்று. சமையற்காரி எல்ஸ்பெட் கஞ்சியைத் தீயவிட்டாள். கேட்டால் ஓட்ஸ் சரியில்லையாம். அண்ணன் மகன் நினியன், கின்னார்ட்டி பிரபு என்று ஊர் தொப்பியைக் கழற்றுகிற துரை, இன்றும் குடும்ப ஜெபத்தில் முழங்காலிட்டான். சபை வழக்கப்படி நாங்கள் எல்லோரும் நிற்கிறோம், அவன் மட்டும் போப்பின் ஆள் மாதிரி தரையில். பிரான்சில் இத்தனை வருஷம் இருந்து கற்றது இதுதான்.

“எழுந்திருடா.”

“ஏன் அத்தே, உங்க கர்த்தருக்கு முட்டின்னா ஆகாதா?”

வேலைக்காரர்கள் சிரித்தார்கள். அவன் நாக்கு அழுகட்டும். கர்த்தரே, மன்னியும். பாதி அழுகினால் போதும்.

செப்டம்பர் 14

தொப்பியில் வெள்ளை ரிப்பன் முடிச்சோடு வந்து நிற்கிறான். இப்போதைய ராஜாவை எதிர்த்து, கடலுக்கு அந்தப்புறம் ஓடிப்போன பழைய ராஜகுடும்பத்துக்காகச் சண்டைக்குப் போகிறானாம். குத்தகைக்காரர்களையும் இழுத்துக்கொண்டு. வராதவன் கூரையைக் கொளுத்துவேன் என்றானாம்.

“தோத்தா தலை போகும்டா. பிரபுக்களுக்குக் கயிறு கிடையாது, கோடாலிதான்.”

“பாத்தீங்களா அத்தே, அதுலயும் ஒரு மரியாதை!”

ஆசீர்வாதம் கேட்டு நின்றான். கதவைச் சாத்தினேன்.

நவம்பர் 3

அவன் நாற்காலியைப் பரணில் போடச் சொன்னேன். எல்ஸ்பெட் காதில் வாங்கவில்லை.

1746, ஏப்ரல் 21

தோற்றுவிட்டார்கள். இவன் இழுத்துப்போன மில்லுக்காரன் மகன் செத்துப்போனான். அவன் தாய் வாசலில் வந்து நின்று, என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். என் முகத்தில் துப்பியிருக்கலாம்.

ஏப்ரல் 29

வந்துவிட்டான். மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குள் கிடந்தான். தலையை மழித்து, கன்னத்தில் தார் பூசி, மாட்டுக்காரன் உடுப்பை மாட்டிவிட்டேன்.

“அத்தே…”

“வாயை மூடு. எல்லாம் உங்கப்பன் முகத்துக்காக.”

மே 2

அவசரமா எழுதுறேன். ராஜாவோட சிவப்புச் சட்டைச் சிப்பாய்ங்க வீட்டை அலசிட்டாங்க. கேப்டன் ஏர்ஷயர்க்காரன், நம்ம சபைக்காரன். பிரபுவை அடையாளம் காட்டுறதுக்குன்னே எங்க போதகர் டதியைக் கூட்டி வந்தான். எல்லாரையும் கூடத்துல நிறுத்தினான்.

போதகர் மாட்டுக்காரனைப் பாத்தார். நினியனுக்கு ஞானஸ்நானம் குடுத்ததே அவர்தான்.

“பிரபு இங்க இல்ல,” ன்னார்.

எனக்கு மூச்சு வந்தது. சரி, மாலை ஜெபத்தை முடிச்சிட்டுக் கிளம்பலாம்னான் கேப்டன். உக்காந்து சங்கீதம் பாடினோம். “ஜெபிப்போம்” னு போதகர் சொன்னார். எல்லாரும் எழுந்தோம், இந்த மடையன் தொப்புன்னு முட்டி போட்டான்! பாழாய்ப்போன பழக்கம்! நம்ம சபையில எந்த மாட்டுக்காரன் முட்டி போடுவான்? கேப்டன் தலை திரும்புது.

நானும் போட்டேன். ஐம்பத்துநாலு வயசுல முதல் தடவை. எல்ஸ்பெட் என்னைப் பாத்தா, அவளும் போட்டா. அப்புறம் வீடே தரையில.

“என்னம்மா இது? இந்த வீட்ல இப்படித்தானா?”

“ஊரெல்லாம் பொணம், ஐயா. நிமிந்து நிக்க உங்களுக்கு மனசு வருது. எங்களுக்கு வரல.”

கேப்டன் தலையைக் குனிஞ்சிக்கிட்டான். போதகர் மட்டும் என் முட்டியையே பாத்துட்டு இருந்தார்.

மே 5

மீன்காரன் படகில் ஏற்றிவிட்டேன், பிரான்சுக்கு. அப்போதும் இளிக்கிறான். “கடைசியில உங்களையும் முட்டி போட வச்சிட்டேன் பாத்தீங்களா அத்தே!” என்கிறான். மில்லுக்காரன் மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். அவன் கேட்ட ஆசீர்வாதம் அதுதான்.

ஜூன் 21

நாளை திருவிருந்து. பந்தியில் உட்காரத் தகுதியுள்ளவர்களுக்குத் தரும் ஈய வில்லைக்காக வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் போதகர் கையை மூடிக்கொண்டார்.

“அன்னைக்கு உங்க கூடத்துல எந்தப் பிரபுவையும் நான் பாக்கல, கிரிசல் அம்மா,” என்றார் மெதுவாக. “ஆனா நீங்க முட்டி போட்டதைப் பாத்தேன்.”

ஒரு கழுத்தைக் காப்பாற்றப் பொய் சொன்ன மனுஷனுக்கு என் முட்டியை மன்னிக்க முடியவில்லை! நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கேப்டன் காதுக்கு எதுவும் போகக்கூடாது. எனக்குப் பின்னால் நின்ற மில்லுக்காரன் மனைவி வில்லையை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனாள்.

ஜூன் 22

மணி அடித்தது. எல்லோரும் ஆலயத்துக்குப் போய்விட்டார்கள். படகு போய்ச் சேர்ந்ததா, தெரியவில்லை. நின்று ஜெபிக்கப் பார்த்தேன், வார்த்தை வரவில்லை. நாய்ப்பயல்.

கதவைத் தாழிட்டேன். முட்டிக்குக் கீழே தரை சில்லென்று இருந்தது.