கால்குலஸைத் திருடியவர்கள்

ஜூலை 7, திங்கள்

தொம்மலூரிலிருந்து வைட்ஃபீல்ட் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. மீதியை ஆபீசில் மேனேஜர் பத்ரிநாத் எடுத்துக்கொள்கிறார். ஆன்லைன் வகுப்புக் கம்பெனிக்குக் கணக்குப் பாடம் எழுதிக் குரலும் கொடுக்கும் வேலை.

கால்குலஸ் பிறந்த கதையை இன்று முடித்தேன். ஃபெர்மா, கவலியேரி, பாரோ, அப்புறம் நியூட்டன், லைப்னிட்ஸ். இவர்களுக்கெல்லாம் இரண்டு மூன்று நூற்றாண்டு முன்பே கேரளத்தில் மாதவர், முடிவில்லாத தொடரால் வட்டத்தை அளந்தவர். அவர் கணக்கு ஐரோப்பாவுக்குப் போனதற்கு இதுவரை சான்று இல்லை என்றும் எழுதினேன். எனக்குப் பிடித்த வரி அதுதான்.

ஜூலை 9, புதன்

பத்ரிநாத்துக்குப் பிடிக்காததும் அதேதான். "சான்று இல்லன்னா யாரும்மா ஷேர் பண்ணுவாங்க? வெள்ளக்காரன் திருடிட்டான்னு போடு, சக்கத்தா ஓடும், லட்சம் பேர் பாப்பாங்க."

மாட்டேன் என்றேன். இந்த மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது, அது அவருக்கும் தெரியும்.

லைப்னிட்ஸைத் திருடன் என்று ஓர் அறிவியல் சபையே அறிக்கை விட்டதும், அதை மறைந்திருந்து எழுதியவர் நியூட்டன் என்பதும் அதே பாடத்தில்தான் இருக்கிறது. படித்தாரா மனுஷன்?

ஜூலை 10, வியாழன்

இரண்டு விதமாகவும் பேசிக் கொடு, எதைப் போடுவதென்று அப்புறம் பார்க்கலாம் என்றார். கொடுத்தேன்.

ஜூலை 14, திங்கள்

வீடியோ வெளியாகிவிட்டது. என் குரல், என் பெயர், என் வாயால் "திருடினார்கள்".

என் வரியைத்தான் எடுப்பார்கள் என்று எந்தத் தைரியத்தில் நம்பினேன்? ஏன்டி பேசின? எவனாவது கழுத்துல கத்தி வச்சானா?

கல்லூரியில் கூடப் படித்த ஐரின் ஒரே வரி அனுப்பியிருந்தாள்: "நீயா இது?"

ஜூலை 17, வியாழன்

கான்ட்ராக்ட்டை நீட்டித்துவிட்டார்கள். வாய்விட்டு அழுதேன்.

ஜூலை 19, சனி

நான் சொன்னது தவறு என்று எழுதி வைத்துவிட்டேன். வேலை போனால் போகட்டும். நாளை ஊரில் அப்பாவிடம் சொல்லிவிட்டு என் இணையப் பக்கத்தில் போடுவேன்.

ஜூலை 20, ஞாயிறு

தங்கவயல். தான் வேலை பார்த்த தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து அப்பா யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. இன்று பக்கத்து வீட்டு முனிராஜ் மாமாவை உட்காரவைத்து என் வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா முனிராஜி, எங்கப்பன் நெஞ்செல்லாம் தூசி ஏத்திக்கினு தோண்டுன தங்கத்த கப்பல்ல ஏத்தினு பூட்டானுங்க. கணக்கையும் வுட்டு வெக்கல. எம் பொண்ணு தைரியமா கேட்டுச்சு பாரு!"

பேசி முடிப்பதற்குள் இருமல். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நாலு பேரு கேப்பாங்க மித்ரா. இதுக்கு சாட்சி கீதுல்லம்மா?"

"இருக்குப்பா."

ஜூலை 21, திங்கள்

எழுதி வைத்திருந்ததை ரயிலிலேயே அழித்தேன். வைட்ஃபீல்டில் இறங்கி நேரே ஆபீஸ். அடுத்த பாடத்தை எப்படி முடிக்கலாம் என்று பத்ரிநாத் கேட்டார். நீங்களே சொல்லுங்கள் சார், பேசிவிடுகிறேன் என்றேன்.