அந்தக் கைக்கோடாரி நான் செய்ததல்ல

என் கன்னியம்மாவுக்கு,

நலமா என்று கேட்டால் பதில் வராத இடத்துக்குப் போய்விட்டாய். ஆனாலும் இதை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். இன்று நம் மகள் வசந்தியின் பள்ளிக்கூடத்தில், ஒரு வகுப்புப் பிள்ளைகள் முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தக் கைக்கோடாரி நான் செய்ததல்ல, நீ செய்தது.

நினைவிருக்கிறதா? வசந்தி கல்லூரி விடுதியிலிருந்து எழுதியிருந்தாள். ஆதி மனிதர்கள் கல்லைக் கல்லால் அடித்து, காம்பில்லாமல் கையில் பிடிக்கும் கோடாரி செய்தார்களாம், கல்லூரிக் கண்காட்சிக்கு அப்படி ஒன்று வேண்டுமாம். சிக்கிமுக்கிக் கல் நம் பக்கம் கிடைக்காது, சரளையில் வரும் உருண்டைக் கல்லே போதும், அப்பா ஃபிட்டர்தானே, செய்துவிடுவார் என்று எழுதியிருந்தாள். ஆவடி குவார்ட்டர்ஸ் சாலைக்கு அப்போதுதான் சரளை கொட்டியிருந்தார்கள். பொறுக்கி வந்து, தொழிற்சாலையில் இரும்பைப் பிடிப்பது போல வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கி, சுத்தியலால் ஓங்கி அடித்தேன். குறுக்கே பிளந்தது. அடுத்ததும் அப்படியே. அந்த ஞாயிறு முழுக்க ஜல்லிதான் உடைத்தேன்.

நீ சமையலறை வாசலில் நின்று பார்த்தாய். "கல்லு இன்னா ஓடியா பூடப் போவுது? எதுக்குய்யா இம்மாம் இறுக்கிகினு கீற? கையில புட்ச்சி அடி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இருபது வருஷ சர்வீஸ், எனக்கே சொல்லித் தாரியாக்கும்? முடிஞ்சா நீ செய்யி, பாப்போம்" என்றேன்.

செய்தாய். சாக்கை மடித்துத் தொடையில் போட்டுக்கொண்டாய். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பாயே, அப்படித் தட்டிக் கணீரென்ற கல்லாக எடுத்தாய். நடுவில் அடிக்காமல் ஓரத்தில், சாய்வாக, இன்னொரு கல்லால் அடித்தாய். உனக்கும் முதலில் வரவில்லை. நகம் கறுத்தது, உள்ளங்கை கிழிந்தது, துணி சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாய். மூன்றாவது ஞாயிறு இரண்டு பக்கமும் விளிம்பு கூராக வந்துவிட்டது. அதிலேயே ஒரு கத்தரிக்காயை நறுக்கிக் காட்டினாய்.

கண்காட்சியில் ஆசிரியர் ஒருவர், "ஃபிட்டர் கைன்னா சும்மாவா சார்?" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். நீ பக்கத்தில்தான் நின்றாய். திரும்பும் ரயிலில், "வுடுய்யா, யாரு பண்ணா இன்னா, புள்ளைக்குப் பேரு வந்துச்சில்ல" என்று சிரித்தாய். என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை வருஷம் கூடவே இருந்தாய், ஏன் நான் வாயைத் திறக்கவில்லை?

வசந்தி இப்போது டீச்சர். கோடாரியை வகுப்பில் வைத்திருக்கிறாள். "நீங்களே வந்து செஞ்சு காட்டுங்கப்பா" என்று கூப்பிட்டாள். போய், நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கோடாரியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "அம்மா ஒரு வார்த்தை சொல்லலையேப்பா" என்றாள். ஒரு சிறுமி எழுந்து, "அவங்களுக்கு யாரு தாத்தா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"யாருமில்லம்மா. அவளே அடிச்சு அடிச்சுக் கத்துக்கிட்டா."

அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? என் சர்வீஸில் வாங்கிய எந்தப் பாராட்டுக்கும் அப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

பிறகு சாக்கை மடித்துத் தொடையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழெட்டு அடி வீண். கடைசியில் ஒரே ஒரு சில்லு கழன்று விழுந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். இனி ஞாயிறுதோறும் உட்காரப்போகிறேன். என்றைக்காவது ஒரு கோடாரி முழுதாக வந்தால், செய்தவர் என்று என் பெயரையும், கற்றுக்கொடுத்தவர் என்று உன் பெயரையும் என் கையாலேயே எழுதி வைப்பேன். இது சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
சுடலைமுத்து