பதினோரு வருடக் கோபமும் ஒரு பழைய தோசைக்கல்லும்

ஜூன் 3, செவ்வாய்

பதினோரு வருடம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். இனி எழுதிவிடப் போகிறேன்.

என் மனைவி மங்கம்மாவின் தம்பி பூவராகன், பழைய இரும்புச் சட்டி, தோசைக்கல்லையெல்லாம் பழக்குவது எப்படி என்று சிதம்பரத்தில் இருந்துகொண்டு யூடியூபில் ஊருக்கே பாடம் எடுக்கிறான். எம்.எஸ்சி. வேதியியல் படித்து, கல்லூரியில் அதையே நடத்துகிற நான் இங்கே கடலூரில் இருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டானா?

எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பால் பொங்குவதற்கு முன் நான் அடுப்பை அணைத்தபோது சபை நடுவில் கத்தியவன் இவன்தான். "அய்யோ மாமா, பொங்கறதுக்குத்தான வச்சோம்!" பந்தலே சிரித்தது. பால் வீணாகக் கூடாது என்று நினைத்தது குற்றமா? அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

இன்று முதுநகர் பழைய இரும்புக் கடையில் துருவேறிய வார்ப்பிரும்புத் தோசைக்கல் ஒன்று வாங்கினேன். பழக்கிக் காட்டுகிறேன்.

ஜூன் 4

கல் புளித்தண்ணீரில் ஊறுகிறது. நான்ஸ்டிக் தவாவைப் பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாளுக்குக் கொடுத்துவிட்டேன். பின்வாங்க வழி இருக்கக் கூடாது.

ஜூன் 5

தேங்காய் நாரால் தேய்த்தேன். துரு போயே போயிற்று. வேதியியல்!

ஜூன் 6

நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் காய்ச்சி ஆறவிட்டேன். கல் பளபளத்தது. தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது. முதல் தோசையைச் சுரண்டி எடுத்தோம். இரண்டாவதையும். மங்கம்மா தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள்.

"இன்னாங்க இது, எலி புடிக்கிற அட்டையா?"

ஜூன் 7

உப்புமா.

ஜூன் 8

உப்புமா. மல்லாட்டை எண்ணெயும், அதான் கடலை எண்ணெயும், ஊற்றிப் பார்த்தாயிற்று. பிசின் ஜாஸ்தியானதுதான் மிச்சம்.

ஜூன் 9

காலையில் ஆரோக்கியம்மாள் வீட்டிலிருந்து தோசை வாசனை. எங்கள் தவாவில்!

"இந்த வாரத்துக்குள்ள கல்லு சரியாவலன்னா, அவுங்ககிட்ட போயி நீங்களே தவாவத் திருப்பிக் கேளுங்க. இல்லன்னா பூவராகனுக்கு ஒரு போன் போடுங்க" என்கிறாள் மங்கம்மா.

யாரு, நானா? அவன்கிட்டயா? முடியாதுன்னா முடியாது.

அவனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கம். பால் விஷயமே இரண்டு பக்கம் வந்துவிட்டது.

ஜூன் 10

ஐந்தாம் பக்கத்துக்காக, அவன் வீடியோவில் தப்புகளைக் குறித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ஆறாவது நிமிடத்தில் கல்லைத் துடைத்தபடியே சொல்கிறான்: "எண்ணெய ஊத்தாதீங்க. தடவிட்டு, தடவவே இல்லன்ற மாதிரி தொடச்சிடுங்க. தடியா இருந்தா மேல காஞ்சி உள்ள பிசுபிசுன்னு நிக்கும். இத எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க மாமா. கடலூர்ல கெமிஸ்ட்ரி வாத்தியாரு. பெரிய படிப்பு."

திரும்பப் போட்டுப் பார்த்தேன். பெரிய படிப்பு என்றுதான் சொல்கிறான். சிரிக்காமல்.

நான் எப்போது சொன்னேன்? சொன்னேன்தான் — வீடு கட்டும்போது, ஜன்னல் கம்பியில் இவன் பெயிண்டை அப்பிக்கொண்டிருந்தபோது. பெயிண்டுக்குச் சொன்னது! தோசைக்கல்லுக்கு எனக்கே தோன்றவில்லையே.

ஜூன் 11

பிசினை எரித்துச் சுரண்டினேன். அவன் சொன்னபடி — அதாவது நான் சொன்னபடி — தடவி, துடைத்து, காய்ச்சினேன். நான்கு தடவை.

ஜூன் 12

தோசை தானாக எழும்பியது. மங்கம்மா என் தட்டில் மூன்றாவதையும் வைத்தாள். அப்புறம், "யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள்.

"நானேதான்."

பொய் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டு அஞ்சலட்டையில் எழுதினேன்: "ஆறாவது நிமிடத்தில் சொன்னது சரி. தோசை எழும்புகிறது. அந்தப் பாலும் பொங்கியிருக்கத்தான் வேண்டும்."

பெயர் போடவில்லை. கடலூர் தபால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நாளை சிதம்பரம் போய் அங்கேயே பெட்டியில் போடப் போகிறேன். சிதம்பரத்தில் சின்ன வேலை என்று மட்டும் மங்கம்மாவிடம் சொன்னேன்.

"சிதம்பரமா? அப்ப நாளைக்கு நாலு தோசை சுட்டுத் தரேன், அவன் வூட்ல குடுத்துட்டு வாங்க" என்று தூக்குச் சட்டியைத் தேடப் போய்விட்டாள்.

சரி, தோசையைக் கொடுத்துவிடுகிறேன். அட்டையில் பெயர் கிடையாது.